ஆடிக் காத்துல அம்மி பறக்கும்... செஸ்னா?

"அந்த 15 நாட் எல்லாம் லிமிட்டே இல்லைங்க. புத்தகத்துலயே போட்டிருக்கான், பாருங்க."

சின்ன விமானம் ஓட்டுறவங்க நாலு பேர் கூடி நிக்கிற இடத்துக்குப் போனா, பத்து நிமிஷத்துக்குள்ள இந்த வசனம் காதுல விழும். சொல்றவர் முகத்துல ஒரு பெருமிதம் இருக்கும். கேக்குற புதுப் பையன் பவ்யமா தலையாட்டுவான். இதுல தொந்தரவு என்னன்னா, அவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. பொய்யா இருந்தா யாராவது மடக்கியிருப்பாங்க. சரியா இருக்கிறதால யாரும் மடக்கிறதில்லை. அதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு டிராஃப்ட்ல போட்டு வெச்சிருந்தேன். இன்னிக்கு வெளியில காத்து ஊளையிடுது, பறக்க முடியாது, அதனால எழுதிடுறேன்.

முன்கதைச் சுருக்கம்: நமக்கு வாரத்துல அஞ்சு நாள் டாலஸ் பக்கம் பொட்டி தட்டுற வேலை. சனி ஞாயிறுல, பையில காசும் வானத்துல வெயிலும் ஒண்ணா அமைஞ்சா, ஒரு செஸ்னா 172-ஐ வாடகைக்கு எடுத்து ஒரு சுத்து. பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கி ஒண்ணரை வருஷம்தான் ஆச்சு. ஆக, பெரிய பிஸ்தா எல்லாம் கிடையாது. ஆனா கருத்து சொல்ல லைசென்ஸ் தேவையில்லையே, அதுக்குத்தானே வலைப்பதிவு :-)

சரி, மேட்டருக்கு வருவோம். விமானம் காத்தை எதிர்த்து இறங்கணும், அதுதான் சுகம். ஆனா ரன்வேயைத் தரையில பதிச்சுட்டாங்க, காத்து வர்ற பக்கமா திருப்பி வைக்க முடியாது. காத்து பக்கவாட்டுல இருந்து வந்தா அதுதான் கிராஸ்விண்ட், குறுக்குக் காத்து. காவிரியில தண்ணி ஓடும்போது குறுக்க நீந்தியிருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எதிர்க்கரையில இருக்கிற படித்துறைக்குப் போகணும்னா, படித்துறையைப் பார்த்து நீந்தக்கூடாது. அதுக்கு மேல, நீரோட்டம் வர்ற திசைப் பக்கமா முகத்தை வெச்சு நீந்தினாத்தான் நேரா போய்ச் சேர முடியும். விமானமும் அப்படியே, மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டா ரன்வேயை நோக்கி வரும். இதுக்குப் பேரே கிராப்.

எவ்வளவு திருப்பணும்? இங்கதான் சின்ன விமானத்தோட தலையெழுத்து இருக்கு. செஸ்னா கிட்டத்தட்ட 60 நாட் வேகத்துல வருது. நேர் குறுக்கா 15 நாட் காத்து (மணிக்கு 28 கிலோமீட்டர்) அடிச்சா, மூக்கை 14, 15 டிகிரி திருப்பி வெச்சாத்தான் கோட்டுல நிக்கும். அதே காத்துல 140 நாட்ல வர்ற ஜெட்டுக்கு 6 டிகிரி போதும். நமக்கு அது புயல், அவருக்கு அது விசிறி.

கோணலா வந்தா போதாது, கோணலாவே தரையைத் தொடவும் கூடாது. சக்கரம் ஒரு பக்கம் பார்க்க, வண்டி வேற பக்கம் போனா என்ன ஆகும்னு சைக்கிள்ல விழுந்தவங்களுக்குத் தெரியும். அதனால கடைசியில மூக்கை ரன்வேக்கு நேரா கொண்டு வரணும். நேரா வந்த உடனே காத்து பக்கத்துல தள்ளும். தள்ளாம இருக்க, காத்து வர்ற பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தணும். தாழ்த்தினா விமானம் அந்தப் பக்கமே திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க எதிர்ப்பக்க ரட்டர், அதாவது வாலில் இருக்கிற சுக்கானை, காலால மிதிக்கணும். கை ஒரு பக்கம், கால் எதிர்ப்பக்கம், காத்துப் பக்கத்துச் சக்கரம் முதல்ல தரையைத் தொடும். முதல் தடவை பார்க்கிறவங்க விமானம் கவுரப் போகுதுன்னே நினைப்பாங்க.

இப்ப பாருங்க, ரட்டரோட பலம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 நாட்ல இருக்கிற பலம் 42 நாட்ல பாதியாயிடும். காத்து மட்டும் அப்படியே அடிச்சுக்கிட்டிருக்கும். அதனால ஒரு கட்டத்துல, காலை முழுசா மிதிச்சும் மூக்கு நேரா நிக்காத ஒரு காத்து இருக்கத்தான் செய்யும். எந்தப் புத்தகத்துலயும் அச்சடிக்கலைன்னாலும் அது நிஜமான லிமிட். "லிமிட்டே இல்லை"ன்னு சொல்றவர் இதை யோசிச்சுச் சொல்றாரா, இல்லை அச்சுல இல்லாதது எதுவும் உலகத்துல இல்லைன்னு நினைக்கிறாரா, எனக்குத் தெரியலை.

அப்ப அந்த 15 எங்கிருந்து வந்துச்சு? செஸ்னா 172எஸ் கையேட்டுல லிமிடேஷன்ஸ்னு தனி அத்தியாயமே இருக்கு. மீறினா சட்டமீறல்னு அர்த்தம். இந்த 15 அந்தக் கணக்குல வராது. "டெமான்ஸ்ட்ரேட்டட்", அதாவது செய்து காட்டப்பட்டதுன்னு வேற இடத்துல போட்டிருக்கும். அமெரிக்காவின் பழைய விதிப்படி, ஒரு சின்ன விமானம் இறங்குற நிலையில எந்த வேகத்துல ஸ்டால் ஆகுமோ, அதுல ஐந்துல ஒரு பங்கு குறுக்குக் காத்தையாவது சமாளிக்கும்னு தயாரிப்பாளர் காட்டணும். 172எஸ்-க்கு அந்த ஸ்டால் வேகம் 48 நாட். ஐந்துல ஒண்ணுன்னா 10 நாட்கூட வரலை. சட்டம் கேட்டது அவ்வளவுதான். (2017-ல அந்த விதித்தொகுப்பையே வேற மாதிரி மாத்தி எழுதிட்டாங்க. ஆனா நாம வாடகைக்கு எடுக்குற வண்டியெல்லாம் பழைய காலத்துக் கணக்குல வந்ததுதான்.) செஸ்னாக்காரங்க அதுக்கு மேல போய் 15 வரைக்கும் இறக்கிக் காட்டிட்டு அந்த எண்ணை எழுதி வெச்சாங்க. குட்டி 152-க்கு 12, பைப்பர் ஆர்ச்சருக்கு 17. இதுல எதுவுமே "இதுக்கு மேல போனா உடையும்"னு சொல்ற எண் கிடையாது. "இதுக்கு மேலயும் ஆகும்"னு சொல்ற எண்ணும் கிடையாது.

பொட்டி தட்டுற மக்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். உங்க டீம் லோட் டெஸ்ட் பண்ணுது. 500 யூசர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தாங்க, சர்வர் விழலை. ரிப்போர்ட்ல "500 யூசர் வரை பரிசோதிக்கப்பட்டது"ன்னு எழுதினாங்க. சேல்ஸ்காரர் அதைப் படிச்சுட்டு கிளையண்ட்கிட்ட போய், "500-ங்கிறது லிமிட் இல்ல சார், டெஸ்ட் பண்ணது மட்டும்தான், 800 தாராளமா தாங்கும்"னு சொல்லிட்டு வந்தா அந்த ஆளை என்ன செய்வீங்க? ஆனா விமானத்துல உட்கார்ந்ததும் நாமளே அந்த சேல்ஸ்காரர் ஆயிடுறோம்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கோஷ்டி இருக்கு. இவங்க சத்தம் போட மாட்டாங்க, ஆனா எண்ணிக்கையில இவங்கதான் அதிகம்னு என் கணிப்பு. "புத்தகத்துல 15 போட்டிருக்கு, இன்னிக்கு 13 தான், அப்ப ஓகே." பார்க்க சமத்துப் பிள்ளைங்க மாதிரி இருந்தாலும் செய்யுற தப்பு அதே தப்புதான். அந்த 15-ஐ இறக்கிக் காட்டினவர் டெஸ்ட் பைலட். அது அவரோட தொழில். நீங்க கடைசியா குறுக்குக் காத்துல இறங்கினது எப்போ? அந்தக் கேள்விக்குப் பதில் கையேட்டுல இல்லை. கையேடே, எவ்வளவு காத்து தாங்கும்ங்கிறது ஓட்டுறவர் திறமையையும் பொறுத்ததுன்னு ஒரு வரி சொல்லுது. அந்த வரியை யாரும் மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை.

சரி, அரசாங்கமாவது நம்ம திறமையைப் பார்த்துத்தானே லைசென்ஸ் குடுத்திருக்கும்? ஹி ஹி. எஃப்.ஏ.ஏ-வோட பிரைவேட் பைலட் பரீட்சையில கிராஸ்விண்ட் லேண்டிங் பாடத்திட்டத்துல இருக்கு. ஆனா பரீட்சை அன்னிக்குக் குறுக்குக் காத்து இல்லைன்னா, வாய்மொழியா கேள்வி கேட்டு முடிச்சுக்கலாம். நீச்சல் பரீட்சையில குளத்துல தண்ணி இல்லைன்னா கரையில உட்கார்ந்து பதில் சொல்ற மாதிரி! தேர்வாளர் பாவம், அவர் காத்துக்கு எங்க போவார், அது புரியுது. ஆனா அதோட விளைவு, உங்க சட்டைப் பையில இருக்கிற லைசென்ஸ் கிராஸ்விண்ட் பத்தி ஒண்ணுமே சொல்லாம இருக்க வாய்ப்பிருக்கு. அதுக்கப்புறம் 24 மாசத்துக்கு ஒரு தடவை பயிற்சியாளரோட ஒரு மறுபார்வை. ஆள் ஏத்திக்கிட்டுப் போகணும்னா 90 நாளுக்குள்ள மூணு லேண்டிங். மூணும் பச்சைத் தண்ணி மாதிரி அசையாத காத்துல இருந்தாலும் செல்லும்.

எங்க ஊர்ல இன்னொரு வில்லங்கம் உண்டு. டாலஸ் பக்கம் பெரும்பாலும் தெக்குக் காத்து. அதுக்கேத்த மாதிரி ரன்வேயெல்லாம் தெக்கு வடக்கா போட்டிருக்காங்க. பெரிய டிஎஃப்டபிள்யூ விமான நிலையத்துலயே இருக்கிற ஏழு ரன்வேயில அஞ்சு அப்படித்தான், ரெண்டுதான் கோணல். விளைவு, இங்க பழகுற பையன் மாசக்கணக்கா காத்தை மூஞ்சிக்கு நேரா வாங்கிக்கிட்டு சொகுசா இறங்குறான். திடீர்னு ஒரு நாள் வறண்ட மேக்குக் காத்து கிளம்பி வரும். அன்னிக்கு அவன் லாக்புக்ல 80 மணி நேரம் இருக்கும், அதுல குறுக்குக் காத்து 80 நிமிஷம்கூட இருக்காது.

அதனால என் கருத்து இதுதான். லிமிட் வேணும். அது செஸ்னாவோட எண்ணா இருக்கக் கூடாது, உங்க எண்ணா இருக்கணும். வீட்டுல, தரையில, யாரும் பக்கத்துல நின்னு அவசரப்படுத்தாத நேரத்துல எழுதி வெச்சதா இருக்கணும். என்னோடது சொல்றேன்: ஆள் ஏத்திக்கிட்டுப் போனா குறுக்கா 10 நாட். தனியா போனா 12. அதுக்கு மேல பயிற்சியாளர் பக்கத்துல இருந்தா மட்டும். ரெண்டு மாசமா குறுக்குக் காத்துல இறங்கலைன்னா எல்லாத்துலயும் 3 குறையும். இதை ஒரு அட்டையில எழுதி முழங்கால்ல கட்டுற பலகையில சொருகி வெச்சிருக்கேன். பார்த்தவங்க சிரிச்சாங்க. "என்னங்க, ரேஷன் கார்டா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார்.

கணக்கு போடுறதுக்கு ட்ரிக்னாமெட்ரி எல்லாம் வேண்டாம். காத்துக்கும் ரன்வேக்கும் நடுவுல 30 டிகிரின்னா பாதி, 45-ன்னா முக்கால், 60-க்கு மேலன்னா முழுசும் குறுக்குன்னு வெச்சுக்கங்க. கொஞ்சம் கூடுதலா வரும், வரட்டுமே. ஒரு குறிப்பு: அச்சுல வர்ற மெட்டார் அறிக்கையில காத்தோட திசை நிஜ வடக்கை வெச்சு இருக்கும். ரன்வே எண்ணும் டவர்ல வாயால சொல்ற காத்தும் காந்த வடக்கை வெச்சு. டாலஸ்ல இந்த வித்தியாசம் சொற்பம், சியாட்டில் பக்கம் ஏறக்குறைய 15 டிகிரி.

இப்ப வர்றது முக்கியமான சண்டை. "12 நாட், கஸ்ட் 20"ன்னு அறிக்கை வந்தா உங்க கணக்குல எந்த எண்? திசை 230, ரன்வே 18-ன்னு வெச்சுக்கங்க. 12-ஐ எடுத்தா குறுக்கா 9 நாட், என் அட்டைப்படி ஜாலியா போகலாம். 20-ஐ எடுத்தா 15, வீட்டுல உட்கார்ந்து ஃபில்டர் காபி குடிக்கணும். நான் எப்பவும் பெரிய எண்ணைத்தான் எடுக்கிறேன். ஏன்னா அந்த 12-ங்கிறது ரெண்டு நிமிஷத்துச் சராசரி. சராசரியில யாரும் தரையைத் தொடுறதில்லைங்க. நீங்க சக்கரத்தை வைக்கிற அந்த ஒரு நொடியில என்ன அடிக்குதோ அதுதான் உங்க காத்து.

இது சின்னப் பசங்க குழப்பம்னு நினைக்காதீங்க. 2008 மார்ச் 1, ஜெர்மனியில எம்மா புயல் நேரம், ஹாம்பர்க்ல லுஃப்தான்சா ஏ320 ஒண்ணு இறங்கப் பார்த்து இடது இறக்கை நுனி ரன்வேயில உரசிட்டு மேல கிளம்பிப் போச்சு. உலகமே யூட்யூப்ல பார்த்த வீடியோ அது. யாருக்கும் காயம் இல்லை. மறுபடி சுத்தி வந்து காத்துக்கு ஏத்த வேற ரன்வேயில இறங்கிட்டாங்க. டவர் குடுத்த காத்து 300 டிகிரி, 33 நாட், கஸ்ட் 47. ரன்வே 23. கணக்குப் போட்டுப் பாருங்க: சராசரியை எடுத்தா குறுக்கா 31, கஸ்டை எடுத்தா 44. அந்த விமானத்துக்குச் செய்து காட்டப்பட்டது 33, கஸ்டோட 38. ஒரு எண்ணை எடுத்தா உள்ள, இன்னொண்ணை எடுத்தா எங்கயோ வெளிய! விசாரிச்ச ஜெர்மன் அமைப்பான பி.எஃப்.யூ, "செய்து காட்டப்பட்ட அதிகபட்சக் குறுக்குக் காத்து"ங்கிற வார்த்தைக்கே கையேட்டுல சரியான விளக்கம் இல்லை, பைலட்டுகள் ஆளுக்கொரு விதமா புரிஞ்சு வெச்சிருக்காங்கன்னு எழுதிச்சு. சம்பளம் வாங்கிக்கிட்டு தினமும் பறக்கிறவங்களுக்கே இந்தக் குழப்பம்னா, சனிக்கிழமை பைலட்டுக்கு?

(அதே அறிக்கையில நம்ம தொழிலுக்கும் ஒரு சமாச்சாரம் உண்டு. ஒரு பக்கத்துச் சக்கரம் தரையைத் தொட்டதும் விமானத்தோட மென்பொருள் "தரையில இருக்கோம்"னு முடிவு பண்ணி, இறக்கையைச் சரிக்கிற கட்டுப்பாட்டோட வீச்சைப் பாதியாக்கிடுச்சு. இது பைலட்டுகளுக்குக் குடுத்த ஆவணத்துல இல்லை. டாகுமென்டேஷன் எழுதச் சொன்னா அலுத்துக்கிறவங்க கவனிக்க. என்னையும் சேர்த்து.)

போன வருஷம் அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. பையன் ஓட்டுற பிளேன்ல ஏறணும்னு அப்பாவுக்கு ஆசை. சனிக்கிழமை காலையில புக் பண்ணி, அம்மா புளியோதரை கட்டி, ஏர்போர்ட் போய் இறங்கினா காத்து 260 டிகிரி, 14 நாட், கஸ்ட் 22. ரன்வே 18. வானம் என்னவோ துடைச்சு வெச்ச மாதிரி நீலம். அப்பாகிட்ட இன்னிக்கு வேண்டாம்னு சொன்னேன். "மழை இல்லை, மேகம் இல்லை, என்னப்பா?"ன்னு பார்த்தார். முழங்கால் அட்டையைக் காட்டி விளக்கினேன். அப்பா மின்வாரியத்துல லைன்மேனா சேர்ந்து ரிட்டயர் ஆனவர். "ஓ, எல்.சி. குடுக்கலை, அதானே. சரி, இறங்கு"ன்னுட்டார். லைன் கிளியர் கைக்கு வராம கம்பத்துல ஏறக்கூடாதுங்கிறது அவருக்கு முப்பது வருஷப் பாடம். லைன்ல கரண்ட் இருக்கா இல்லையான்னு கம்பத்துக்குக் கீழ நின்னு வாக்குவாதம் பண்ணினவங்களை அவர் நிறைய பார்த்திருக்காராம். புளியோதரையைப் பார்க்கிங் லாட்ல கார் டிக்கியைத் திறந்து வெச்சு சாப்பிட்டோம், சாப்பிடும்போது பேப்பர் தட்டு பறந்து போச்சு. அம்மாவுக்கு அதுவே போதுமான விளக்கமா இருந்துச்சு.

இதை நான் சொல்றதுக்குக் காரணம், எண்ணை எழுதி வெச்சிருக்கலைன்னா அன்னிக்கு என்ன பேசியிருப்பேன்னு எனக்குத் தெரியும். "கஸ்ட் எப்பவாவதுதான் வருது. அரை மணி நேரத்துல குறையும். அவங்க செவ்வாய்க்கிழமை கிளம்பிடுவாங்க." எல்லாம் நியாயமான வாக்கியங்கள். காத்துக்கு விசா தேதி தெரியாது.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா அதுல விஷயம் இருக்கு. எங்க ஏர்போர்ட்ல ஒரு வயசான பயிற்சியாளர் இருக்கார். இந்த அட்டை சமாச்சாரமெல்லாம் பைலட்டைக் கோழை ஆக்கிடும்னு சொல்வார். 8 நாட்ல எல்லை போட்டவன் வாழ்நாள் பூரா 8-லயே நிப்பான், ஒரு நாள் கிளம்பும்போது 5 நாட் இருந்த காத்து திரும்பி வரும்போது 18 ஆகும், அன்னிக்கு அட்டையை வெச்சு என்ன பண்ணுவான்னு கேட்பார். கேள்வி நியாயம். முன்னறிவிப்பு பொய்க்கிறது டெக்சாஸ்ல தினசரி நிகழ்ச்சி. அதனால எண்ணை எழுதினவன் அந்த எண்ணை வளர்க்கவும் வேணும். காத்து அடிக்கிற நாள்ல எல்லாரும் புக்கிங்கைக் கேன்சல் பண்ணும்போது, நான் பயிற்சியாளருக்கு போன் பண்றேன். ஒரு மணி நேரம், எட்டு பத்து லேண்டிங், இறங்கும்போது சட்டை நனைஞ்சிருக்கும். 7-ல ஆரம்பிச்ச என் எண் 10-க்கு வந்தது அப்படித்தான். ஆனா பெரியவர் வாதத்துல நான் ஏத்துக்காதது ஒண்ணு: கைத்திறமை வந்தா எண்ணே வேண்டாம்ங்கிறது. அவருக்கு ஆயிரக்கணக்கான மணி நேரம் இருக்கு, அவர் எண் அவர் உடம்புல எழுதியிருக்கு. நூத்திச் சொச்சம் மணி நேரம் இருக்கிறவன் காகிதத்துலதான் எழுதணும்.

அட்டை, கிளம்பலாமா வேண்டாமான்னு சொல்லும். இறங்கலாமா வேண்டாமான்னு சொல்றது விமானம். ரன்வேக்கு நேரா திரும்பி, 300 அடி உயரத்துக்கு வரும்போதே கிராபை விட்டுட்டு இறக்கையைத் தாழ்த்தி, ரட்டரை மிதிச்சு மூக்கை நேராக்கிப் பாருங்க. நடுக்கோட்டுல நிக்குதா? கால்ல இன்னும் மிச்சம் இருக்கா? இருந்தா தொடரலாம். பெடல் முழுசும் போயும் மூக்கு நேரா வரலைன்னா, இல்லை நேரா வெச்சும் பக்கத்துல தள்ளிக்கிட்டே போனா, இந்த ரன்வேயில இந்தக் காத்துல இந்த விமானம் இறங்காது. வாதாடுறதுல அர்த்தம் இல்லை. த்ராட்டிலை முழுசா தள்ளி மேல கிளம்பி, காத்துக்கு ஏத்த ரன்வே இருக்கிற வேற ஊருக்குப் போக வேண்டியதுதான். டாங்க்ல பெட்ரோல் இருக்கணும், எந்த ஊர்னு முன்னாடியே யோசிச்சிருக்கணும். அங்கிருந்து டாக்சிக்கு ஆகுற காசு கடுப்பைக் கிளப்பும், வாஸ்தவம்தான்.

தரைக்கிட்ட காத்து பொதுவா கொஞ்சம் தணியும், அதனால 300 அடியில கஷ்டப்பட்டா கீழ சரியாயிடும்னு சிலர் சொல்வாங்க. தணியறது உண்மை. ஆனா ரன்வே ஓரத்துல ஹேங்கர், மரம்னு வரிசையா நின்னா கதை வேற. ஆரல்வாய்மொழி பக்கம் காத்து சீசன்ல பைக் ஓட்டினவங்களுக்குத் தெரியும். லாரி பக்கத்துல போகும்போது காத்து டக்குனு நின்னுடும். லாரியைத் தாண்டின அடுத்த நொடி ஒரு அறை விழும் பாருங்க, வண்டி ரெண்டடி நகரும். ஹேங்கர் நிழலைத் தாண்டும்போது அதேதான், கீழ சக்கரம் தரையில இருந்து ஒரு முழம் உயரத்துல.

இறக்கையை முழுசா ஃப்ளாப் போட்டு மெதுவா வர்றதும் இங்க எதிரி. கையேடே, பலமான குறுக்குக் காத்துல ரன்வே நீளத்துக்குத் தேவையான அளவு ஃப்ளாப் மட்டும் போதும்னுதான் சொல்லுது. கஸ்ட் வித்தியாசத்துல பாதியை வேகத்தோட கூட்டிக்கிறதும் பழைய பழக்கம். ஆனா நான் பார்த்தவரைக்கும் பெரும்பாலானவங்க கோட்டை விடுறது இதுக்கெல்லாம் அப்புறம். சக்கரம் தரையைத் தொட்டதும் "அப்பாடா"ன்னு கையைத் தளர்த்திடுறாங்க. வேகம் குறையக் குறைய ரட்டர் செத்துக்கிட்டே வருது, காத்து மட்டும் அப்படியே வாலைத் தள்ளுது. அப்பத்தான் கைப்பிடியைக் காத்துப் பக்கம் இன்னும் இன்னும் திருப்பி, கடைசியில முழுசா திருப்பி வெச்சிருக்கணும். டாக்சி பண்ணி நிறுத்தி, கயிறு கட்டுற வரைக்கும் லேண்டிங் பாக்கி இருக்கு.

சின்ன விமானங்கள்ல இறங்கும்போது நடக்கிற விபத்துதான் அதிகம், ஆனா அதுல உயிர் போறது குறைவு. புல்லுல இறங்கிப் போச்சு, ப்ரொப்பெல்லர் வளைஞ்சுது, இறக்கை நுனி நசுங்குச்சு. அதனாலயே யாரும் இதைப் பெருசா எடுத்துக்கிறதில்லைன்னு நினைக்கிறேன். ப்ரொப்பெல்லர் தரையில அடிச்சா இன்ஜினைப் பிரிச்சுப் பார்க்கணும். அந்த பில் ஒரு சாமானியனோட விமான ஆசையை மொத்தமா முடிச்சு வெச்சிடும். கிளப்புக்கு இருக்கிற ரெண்டு விமானத்துல ஒண்ணு மாசக்கணக்கா ஷெட்ல கிடக்கும்.

"ஆனா அவர் 22 நாட்ல இறங்கினாரே, ஒண்ணும் ஆகலையே?" ஆமா, இறங்கினார். நானும் பார்த்தேன், அழகாத்தான் இறங்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டெஸ்ட் பண்ணாத கோடை ப்ரொடக்ஷன்ல ஏத்திட்டு, ஒண்ணும் ஆகாம வீட்டுக்குப் போய் பிரியாணி சாப்பிட்டவங்க நம்ம ஆபீஸ்லயும் இருக்காங்க. அவங்க சொல்றதை வெச்சு யாராவது ரிலீஸ் பாலிசி எழுதுவீங்களா?

இப்ப ஜன்னல் வழியா பார்த்தா எதிர்வீட்டு மரம் கிட்டத்தட்ட தரையைத் தொடுது. பயிற்சியாளருக்கு மெசேஜ் அனுப்பியிருக்கேன், "நாளைக்கும் இப்படியே இருந்தா வா, பழகலாம், இன்னிக்கு எனக்கே வேண்டாம்"னு பதில் வந்திருக்கு. அவருக்கும் ஒரு எண் இருக்கு போல :-)

டிஸ்கி: நான் பயிற்சியாளர் இல்லை. என் 10, 12 எல்லாம் எனக்கு மட்டும். உங்க எண்ணை உங்க பயிற்சியாளரோட உட்கார்ந்து போடுங்க. ஏற்கெனவே அட்டை வெச்சிருக்கிற பதிவர்கள் யாராவது இருந்தா உங்க எண்ணையும், கஸ்டை எப்படிக் கணக்குல எடுக்கிறீங்கன்னும் சொல்லுங்க. "லிமிட்டே இல்லை" கோஷ்டியும் வரலாம், காபி உண்டு.